ஃபேனைக் கையில் எடுப்பதற்கு முன்

கணினியின் ஃபேன் திடீரென்று வேகமெடுத்தால், "சூடாகிவிட்டது போல" என்று சொல்லிவிட்டு நாம் வேலையைத் தொடர்கிறோம். சூடானதை யார் கண்டுபிடித்தார்கள், வேகத்தைக் கூட்டச் சொல்லி யார் உத்தரவிட்டார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அந்த வேலை மதர்போர்டின் ஓரத்தில் கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னச் சிப்பின் பொறுப்பு. அதன் பெயர் சூப்பர் ஐஓ. அந்தச் சிப்போடு இயங்குதளத்தைப் பேசவைப்பதுதான் பல வருடங்களாக நான் விரும்பிச் செய்துவரும் வேலை. லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஹெச்டபிள்யூமான் என்று ஒரு பகுதி இருக்கிறது. மதர்போர்டின் வெப்பநிலை, மின்னழுத்தம், ஃபேன் வேகம் எல்லாம் அந்த வழியாகத்தான் நம் திரைக்கு வருகின்றன.

இந்த வேலை எனக்குக் கற்றுத்தந்த அடிப்படைப் பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்பநிலையைப் படிப்பது ஒரு பொறுப்பு, ஃபேனை ஆள்வது வேறொரு பொறுப்பு. படித்த எண் தவறானால் பயனர் குழம்புவார். எழுதிய எண் தவறானால் ஃபேன் நின்றுபோகும். இரண்டும் ஒரே சிப்பில், பக்கத்துப் பக்கத்து ரெஜிஸ்டர்களில் இருப்பதால் இரண்டையும் ஒரே வேலை என்று நினைப்பது சுலபம். அப்படி நினைக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

சிப்பைக் கண்டுபிடித்தல்

சூப்பர் ஐஓ சிப்பின் பழைய வேலை கீபோர்டு, சீரியல் போர்ட், பிரிண்டர் போர்ட், ஃபிளாப்பி டிரைவ் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது. வெப்பநிலையை அளக்க 1990களில் தனிச் சிப்புகள் இருந்தன. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்75, எல்எம்78 அவற்றில் பேர்போனவை. லினக்ஸில் இவற்றைப் படிக்கும் எல்எம்-சென்சார்ஸ் திட்டம் 1998இல் தொடங்கியது. ஃபிலிப் எடல்பிராக், ஃப்ரோடோ லூயார்ட் போன்றவர்கள் அதன் தொடக்ககால உழைப்பாளிகள். ஷான் டெல்வார், குந்தர் ரோக் ஆகியோர் பின்னாளில் கெர்னல் பகுதியைப் பல ஆண்டுகள் கட்டிக்காத்தார்கள். இதற்கிடையே தைவானின் வின்பாண்ட், ஐடிஇ, ஃபின்டெக் நிறுவனங்கள் இந்தக் கண்காணிப்பு வேலையையும் சூப்பர் ஐஓ சிப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. வின்பாண்டின் அந்தப் பிரிவு 2008இல் நுவோட்டான் என்ற தனி நிறுவனமாயிற்று. இன்று ஒரு மேசைக் கணினியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் நுவோட்டானின் என்சிடி67 வரிசைச் சிப்போ, ஐடிஇயின் ஐடி86, ஐடி87 வரிசைச் சிப்போ இருக்கும்.

பிசிஐ கார்டு ஒன்றைச் செருகினால், தயாரிப்பாளர் எண் இது, கருவி எண் இது என்று அதுவே சொல்லிவிடும். சூப்பர் ஐஓவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஹெக்ஸ் கணக்கில் 2ஈ அல்லது 4ஈ என்ற ஐஓ போர்ட்டில் அது இருக்கலாம் என்பது மட்டும்தான் தெரியும். அந்த போர்ட்டில் சரியான சாவி எண்களை எழுதினால்தான் கன்ஃபிகரேஷன் நிலைக்குள் நம்மை விடும். நுவோட்டானுக்கு ஹெக்ஸ் 87 என்று இரண்டு முறை எழுத வேண்டும். ஐடிஇ சிப் 2ஈயில் இருந்தால் 87, 01, 55, 55 என்று நான்கு எண்கள். உள்ளே போனதும் 20, 21 என்ற ரெஜிஸ்டர்களைப் படித்தால் அடையாள எண் வரும். ஐடி8728 சிப் தன் எண்ணை 8728 என்றே சொல்லிவிடும். என்சிடி6779 சொல்லும் எண் சி56 என்று தொடங்கும். கடைசி இலக்கம் சிப்பின் பதிப்பைப் பொறுத்து மாறும். பிறகு 07 என்ற ரெஜிஸ்டரில், கண்காணிப்புப் பகுதியின் எண்ணை எழுத வேண்டும். அது ஐடிஇயில் 4, நுவோட்டானில் 0பி. அதன்பின் 60, 61 ரெஜிஸ்டர்களில் அந்தப் பகுதியின் ஐஓ முகவரி கிடைக்கும். பல போர்டுகளில் அது 290. எல்லாம் முடிந்ததும் கன்ஃபிகரேஷன் நிலையிலிருந்து முறையாக வெளியேறிவிட வேண்டும்.

அடையாள எண் நம் பட்டியலில் இல்லையென்றால்? "பக்கத்து மாடல் போலத்தான் இருக்கும்" என்று துணிந்து மேலே போகக் கூடாது. ஒரு சிப்பில் வெப்பநிலை இருக்கும் அதே ரெஜிஸ்டர் எண்ணில் அடுத்த சிப்பில் ஃபேன் கட்டுப்பாடு இருக்கலாம். தெரியாத சிப்பைத் தொடாமல் விடுவதுதான் முறை.

இந்த எச்சரிக்கைக்கு விலை கொடுத்த வரலாறு உண்டு. எல்எம்-சென்சார்ஸின் ஆரம்ப காலத்தில், மதர்போர்டின் சின்னச் சிப்புகளை இணைக்கும் எஸ்எம்பஸ் என்ற பாதையில் ஒவ்வொரு முகவரியாகத் தட்டி, யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும் வழக்கம் இருந்தது. அப்படித் தட்டியபோது சில திங்க்பேட் மடிக்கணினிகளில் இருந்த ஒரு குறிப்பிட்ட ஈஈபிராம் சிப்பின் உள்ளடக்கமே கெட்டு, கணினி தொடங்க முடியாமல் போனது. அந்தச் சிப் எஸ்எம்பஸ் விதிகளை வழக்கமான முறையில் பின்பற்றாததுதான் காரணம். அந்த அனுபவத்தின் தழும்பு இன்றும் இருக்கிறது. ஹெச்டபிள்யூமான் டிரைவர்கள் எஸ்எம்பஸ்ஸில் எந்தெந்த முகவரிகளில் மட்டும் தேடலாம் என்று கெர்னல் ஆவணத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். எல்எம்-சென்சார்ஸின் சென்சார்ஸ்-டிடெக்ட் கருவியும் ஒவ்வொரு வகைத் தேடலுக்கு முன்னும் அனுமதி கேட்கிறது. அந்தக் கேள்விகளைப் படிக்காமல் என்டர் தட்டிக்கொண்டே போகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் காரணம் இருக்கிறது என்று தெரிந்தால் நின்று படிப்பார்கள்.

வெப்பம் எண்ணாகும் விதம்

மதர்போர்டில் வெப்பநிலையை உணர இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று தெர்மிஸ்டர். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் மின்தடை காட்டும் சின்னப் பொருள். சூடு ஏற ஏற மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் வகை 85 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ ஓமுக்கு இறங்கிவிடும். இன்னொன்று டயோடு. இதில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. ஒரே டயோடு வழியாக முதலில் சிறிய மின்னோட்டத்தையும், பிறகு அதைவிடப் பத்து மடங்கு பெரிய மின்னோட்டத்தையும் செலுத்துகிறார்கள். இரண்டு முறையும் டயோடில் நிற்கும் மின்னழுத்தத்தின் வித்தியாசத்தை எடுத்தால் அது கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். டயோடு எந்த ஆலையில் செய்தது, எவ்வளவு பெரியது என்ற வேறுபாடுகள் பெருமளவு அடிபட்டுப் போய்விடும். மின்னோட்டம் பத்து மடங்கு என்றால் ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் வித்தியாசம் சுமார் 198 மைக்ரோவோல்ட். அவ்வளவு நுண்ணிய அளவை, பக்கத்திலேயே நூறு வாட்டுக்கு மேல் மின்சாரம் பாயும் போர்டில் பிரித்தெடுக்கிறார்கள். இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மரியாதை இன்னும் குறையவில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சிப்பின் ஒரே உள்ளீட்டுக் காலில் தெர்மிஸ்டரையும் இணைக்கலாம், டயோடையும் இணைக்கலாம். எது இணைக்கப்பட்டிருக்கிறது என்பது சிப்புக்குத் தெரியாது. பயாஸ் ஒரு ரெஜிஸ்டரில் எழுதிவைக்கும் வகையை அது நம்புகிறது. வகை மாறினால் எண் கண்டபடி வரும். மைனஸ் 55 என்று வந்தால் எல்லோருக்கும் தவறு என்று தெரிந்துவிடும். 41 என்று வந்தால்தான் ஆபத்து. நம்பும்படி இருக்கும் தவறான எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எதுவுமே இணைக்காமல் விட்ட உள்ளீடுகளும் உண்டு. அவை சில சிப்புகளில் 127 என்றும், சிலவற்றில் மைனஸ் 128 என்றும் காட்டும். அதைப் பார்த்து, மதர்போர்டு எரிகிறது என்று பதறி வந்தவர்களுக்கு நான் சொல்லும் பதில்: "அந்தக் காலில் எதுவும் இல்லை, அந்த வரியைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள்." சென்சார்ஸ் அமைப்புக் கோப்பில் அதற்கென்றே இக்னோர் என்ற கட்டளை இருக்கிறது.

ஒரு சென்சார் உண்மை சொல்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கணினியை இரவு முழுக்க அணைத்துவைத்துவிட்டு, காலையில் போட்ட உடனே எல்லா எண்களையும் படியுங்கள். மதர்போர்டின் சென்சார்கள் அறை வெப்பநிலைக்கு அருகில் இருக்க வேண்டும். காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. 31 டிகிரி அறையில் 24 டிகிரி காட்டும் சென்சார் எதையோ தப்பாகக் கணக்கிடுகிறது.

அடுத்த கேள்வி, எந்த எண் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பது. சிப்பின் ஆவணத்தில் அது இருக்காது. மதர்போர்டை வடிவமைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். பெரும்பாலான நிறுவனங்கள் அதை வெளியிடுவதில்லை. அப்போது வெப்பத்தின் இயல்பே நமக்கு வழிகாட்டும். பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்துவிட்டு எல்லா எண்களையும் நொடிக்கு ஒரு முறை பதிவு செய்கிறேன். சுமை ஏறிய அதே நொடியில் ஓர் எண் பத்து டிகிரிக்கு மேல் குதித்தால் அது பிராசசருக்குள் இருக்கும் டயோடு. நிமிடக் கணக்கில் நிதானமாக ஏறுவது பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியின் தெர்மிஸ்டராக இருக்கும். சுமையை நிறுத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகிவிடும். பிராசசர் எண் உடனே விழும். விஆர்எம் எண் தன் ஹீட்சிங்க்கின் சூட்டைச் சுமந்துகொண்டு மெல்ல இறங்கும். ஏறவும் இறங்கவும் மனமில்லாமல் இருக்கும் எண் போர்டின் மூலையில் உள்ள பொது சென்சார். பிறகு பயாஸ் திரையில் காட்டும் பெயர்களோடும் எண்களோடும் ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஆவணம் இல்லாத போர்டு ஒன்று இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை வெளிப்படுத்தும் அந்த மணி நேரம்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மின்னழுத்தத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். சிப் அளக்கக்கூடியது சில வோல்ட் வரைதான். 12 வோல்ட்டை அளக்க, இரண்டு ரெசிஸ்டர்களால் அதைக் குறைத்து அனுப்புகிறார்கள். 30 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் போட்டிருந்தால் சிப் 3.01 வோல்ட் என்று படிக்கும். நான்கால் பெருக்கினால் 12.04. இந்தப் பெருக்கலை கெர்னல் பெரும்பாலும் செய்வதில்லை. காலில் உள்ளதை மில்லிவோல்ட்டில் தந்துவிட்டு, போர்டுக்குப் போர்டு மாறும் கணக்கை அமைப்புக் கோப்பிடம் விட்டுவிடுகிறது. வெப்பநிலையும் அப்படியே: டெம்ப்1_இன்புட் என்ற கோப்பில் 42500 என்று இருந்தால் 42.5 டிகிரி. எது சிப்புக்குரிய அறிவு, எது போர்டுக்குரிய அறிவு என்று பிரித்துவைத்த அந்த முடிவு மிக நல்ல முடிவு.

பிராசசர் சொல்லும் கணக்கு

பிராசசருக்குள் இருக்கும் சென்சார்களின் கதை வேறு. இன்டெல் பிராசசர் வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். வரம்பு 100 ஆகவும் பாக்கி 58 ஆகவும் இருந்தால், கோர்டெம்ப் டிரைவர் கழித்துப் பார்த்து 42 என்று காட்டும். இந்த சென்சார் வரம்பை நெருங்கும்போது துல்லியமாக இருக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. குளிர்ந்த நிலையில் அது காட்டும் எண்ணை வைத்து இரண்டு கணினிகளை ஒப்பிட்டு வாதாடுவதில் பயன் இல்லை.

ஏஎம்டியின் சில ரைசன் மாடல்களில் இன்னொரு வகை. 2017இல் வந்த ரைசன் 7 1800எக்ஸ், உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரியைக் கூட்டிச் சொல்லும். வெவ்வேறு மாடல்களுக்கு ஃபேன் ஒரே முறையில் இயங்க வேண்டும் என்பதற்காக அந்நிறுவனம் வேண்டுமென்றே வைத்த கூட்டல் அது. ஃபேனை ஓட்டுவதற்கு அந்த எண் சரி. வெப்பநிலை என்று மனிதருக்குக் காட்டுவதற்குச் சரியில்லை. அதனால் கே10டெம்ப் டிரைவர் எந்த மாடலுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு எண்களையும் தனித்தனியாகக் காட்டுகிறது.

அதே கே10டெம்ப் டிரைவரில் நான் புதியவர்களுக்குக் காட்டும் ஓர் இடம் உண்டு. ஏஎம்டியின் ஃபேமிலி 10 பிராசசர்களில், சாக்கெட் எஃப், ஏஎம்2+ வகைகளில் உள்ள சில பிராசசர்களின் சென்சார் நம்பத்தகாதது என்று அந்நிறுவனமே பிழைப் பட்டியலில் 319ஆவது பிழையாக அறிவித்தது. அந்தப் பிராசசரைக் கண்டால் டிரைவர், சென்சார் நம்பத்தகாதது, கண்காணிப்பை நிறுத்துகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். பயனர் வற்புறுத்தினால் மட்டுமே இயங்கும். எண் எதுவும் காட்டாத டிரைவரைப் பார்த்துப் பயனருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பொய்யான எண்ணை நம்பி ஃபேனைக் குறைத்தவருக்கு நேர்வதோடு ஒப்பிட்டால் அந்த ஏமாற்றம் ஒன்றுமே இல்லை.

ஃபேனின் வேகத்தை எண்ணுதல்

ஃபேன் ஒரு சுற்று சுற்றினால் பொதுவாக இரண்டு துடிப்புகளை அனுப்பும். பழைய எல்எம்78 வழிவந்த சிப்புகள் துடிப்புகளை எண்ணுவதில்லை. ஒரு சுற்று முடிவதற்குள் தன் கடிகாரம் எத்தனை முறை தட்டுகிறது என்று எண்ணும். கடிகாரம் நொடிக்கு 22,500 தட்டு, நிமிடத்துக்கு 13,50,000. ஆகவே 13,50,000ஐ எண்ணிக்கையாலும், எண்ணும் வேகத்தைக் குறைக்கச் சிப்பில் வைக்கும் டிவைசர் என்ற எண்ணாலும் வகுத்தால் நிமிடச் சுற்று கிடைக்கும். எண்ணும் இடம் 8 பிட் என்பதால் 255க்கு மேல் போகாது. டிவைசர் 2 என்றால் அளக்கக்கூடிய குறைந்த வேகமே சுமார் 2,650 சுற்று. சத்தமில்லாமல் நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும் நல்ல ஃபேன் ஒன்றை அந்தச் சிப், நின்றுவிட்டதாகச் சொல்லும்.

டிவைசரை 8 ஆக மாற்றினால் 1,200 சுற்றுக்கு எண்ணிக்கை 141 வரும். திரையில் 1,197 என்று தெரியும். நல்ல அளவீடு. எதற்கும் இருக்கட்டும் என்று டிவைசரை 128இல் வைத்தால் எண்ணிக்கை 9 ஆகிவிடும். வேகம் 1,172 என்று காட்டும். ஃபேன் சற்று வேகமெடுத்து எண்ணிக்கை 8 ஆனால் திரை 1,318 என்று தாவும். நடுவில் எந்த எண்ணும் கிடையாது. ஆகவே டிவைசரைப் பெரிதாக வைத்தால் மெதுவான ஃபேன் தெரியும், துல்லியம் போய்விடும். சிறிதாக வைத்தால் துல்லியம் கிடைக்கும், மெதுவான ஃபேன் மறைந்துவிடும். அதனால் நல்ல டிரைவர்கள் எண்ணிக்கை உச்சத்தில் முட்டினால் டிவைசரை ஒரு படி உயர்த்தி மறுபடி அளக்கின்றன.

இதில் கவனம் கேட்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஃபேன் குறைந்தபட்சம் இவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், இல்லையென்றால் அலாரம் என்று பயனர் வைத்த எல்லையும் அதே எண்ணிக்கைக் கணக்கில்தான் சிப்பில் இருக்கிறது. டிவைசரை மாற்றிவிட்டு எல்லையை அப்படியே விட்டால், பயனர் 900 என்று வைத்த எல்லை அவருக்குத் தெரியாமல் 450 ஆகிவிடும். டிவைசரை மாற்றும் கையோடு எல்லையையும் திருப்பிக் கணக்கிட்டு எழுத வேண்டும். பழைய டிரைவர்களின் நிரலில் இதைச் செய்யும் சில வரிகளைப் பார்க்கலாம். யாரும் பாராட்டப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதப்பட்ட வரிகள். இப்போதைய சிப்புகளில் எண்ணும் இடம் பெரிதாகிவிட்டதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

ஃபேனை ஆளுதல்

இதுவரை சொன்னது படிப்பது. இனி எழுதுவது.

நான்கு பின் ஃபேனில் தரை, 12 வோல்ட், வேகத் துடிப்பு, கட்டுப்பாடு என்று நான்கு கம்பிகள். கட்டுப்பாட்டுக் கம்பியில் சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் பிடபிள்யூஎம் என்ற, விட்டுவிட்டு வரும் துடிப்புச் சமிக்ஞை போகும். லினக்ஸில் பிடபிள்யூஎம்1 என்ற கோப்பில் 0 முதல் 255 வரை எழுதலாம். பிடபிள்யூஎம்1_எனேபிள் என்ற கோப்பில் 0 என்றால் கட்டுப்பாடே இல்லை, ஃபேன் முழு வேகத்தில் ஓடும். 1 என்றால் மனிதர் கையில். 2, அதற்கு மேல் என்றால் சிப்பே வெப்பநிலையைப் பார்த்து ஓட்டும். கட்டுப்பாடு போனால் முழு வேகம் என்ற அந்த முதல் விதியைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் குளிரின் பக்கம் சாய வேண்டும் என்பது இந்தத் துறையின் தாரக மந்திரம்.

மூன்று பின் ஃபேனுக்கு பிடபிள்யூஎம் கம்பி இல்லை. மின்னழுத்தத்தைக் குறைத்தால்தான் வேகம் குறையும். சிப்பில் எந்த முறை என்று தப்பாக வைத்தால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடும், அல்லது நாம் நினைக்காத வேகத்தில் ஓடும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் நிற்காமல் இருக்கத் தேவையான அளவும், நின்ற ஃபேன் கிளம்பத் தேவையான அளவும் ஒன்றல்ல. கிளம்புவதற்கு அதிகம் வேண்டும். பிடபிள்யூஎம் 60இல் நிதானமாக ஓடும் ஃபேன், நின்றுவிட்டால் அதே 60இல் கிளம்பாமல் கிடக்கலாம். தூசி படிந்து, பேரிங் தேய்ந்த பிறகு இந்த இரண்டு எண்களும் இன்னும் ஏறும். எல்எம்-சென்சார்ஸின் பிடபிள்யூஎம்கன்ஃபிக் கருவி இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு அளந்து வாங்குவது இதனால்தான். அதில் வந்த எண்ணை அப்படியே வைக்காமல் கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். புது ஃபேனில் அளந்த எண் மூன்று வருடம் கழித்தும் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஐடி87 டிரைவரில் ஒரு சோதனை இருக்கிறது. சில போர்டுகளில் பயாஸ் பிடபிள்யூஎம்மின் துருவத்தைத் தலைகீழாக அமைத்துவிட்டுப் போயிருக்கும். அந்த நிலையில் 255 என்று எழுதினால் ஃபேன் நிற்கும், 0 என்று எழுதினால் முழு வேகம். முழு வேகம் வேண்டும் என்று கேட்டவரின் பிராசசரைக் காற்றில்லாமல் விட்டுவிடும் நிலைமை. டிரைவர் தொடக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்தால், பயாஸ் அமைப்பு சரியில்லை என்று பதிவில் எழுதிவிட்டு, பிடபிள்யூஎம் வசதியையே மூடிவிடும். வெப்பநிலையைத் தொடர்ந்து காட்டும். ஃபேனை மட்டும் தொட விடாது. படிப்பதற்கும் ஆள்வதற்கும் இடையே நான் சொல்லும் கோடு நிரலில் இப்படித்தான் இருக்கும்.

இனி யார் ஓட்டுவது என்ற கேள்வி. ஃபேன்கன்ட்ரோல் போன்ற ஒரு நிரல் பத்து நொடிக்கு ஒரு முறை வெப்பநிலையைப் படித்து பிடபிள்யூஎம் எழுதலாம். அது முறையாக நிற்கும்போது ஃபேனைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுத்தான் நிற்கும். கெர்னல் சிப்புக்குத் தரும் ஹெச்டபிள்யூமான்2 என்ற எண் அடுத்த முறை கணினி தொடங்கும்போது ஹெச்டபிள்யூமான்3 ஆகிவிடலாம் என்பதால், கருவியின் பாதையையும் பெயரையும் சரிபார்த்த பிறகே எழுதும். நல்ல நிரல்தான். ஆனால் கெர்னலே உறைந்துபோனால், அல்லது நினைவகம் போதாமல் அந்த நிரல் கொல்லப்பட்டால், கடைசியாக எழுதிய 70 அப்படியே சிப்பில் நின்றுவிடும். பிராசசர் சூடானால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துத் தப்பித்துக்கொள்ளும். பக்கத்தில் அதே காற்றை நம்பி இருக்கும் விஆர்எம்முக்கும், ஹார்டு டிஸ்குக்கும் அந்த அளவு பாதுகாப்பு எல்லாப் போர்டுகளிலும் இருப்பதில்லை.

சிப்பிடம் விட்டால் இந்தக் கவலை இல்லை. நுவோட்டானின் ஸ்மார்ட் ஃபேன் IV முறையில் இத்தனை டிகிரிக்கு இவ்வளவு வேகம் என்று சில புள்ளிகளைச் சிப்பில் எழுதிவைக்கலாம். எந்த சென்சாரைப் பார்த்து ஓட வேண்டும், வேகத்தை எவ்வளவு நிதானமாக மாற்ற வேண்டும் என்றும் சொல்லலாம். இயங்குதளம் உறைந்தாலும் ஃபேன் வெப்பநிலையைத் தொடர்ந்து ஓடும். அதனால் என் பரிந்துரை எப்போதும் இதுதான்: கொள்கையை இயங்குதளம் வகுக்கட்டும், நிறைவேற்றுவது சிப்பாக இருக்கட்டும். ஹார்டு டிஸ்க் சூடு போல சிப்புக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தால் மட்டும் மென்பொருளிடம் கொடுங்கள். கெர்னல் 5.6 முதல் டிரைவ்டெம்ப் டிரைவர் டிஸ்க் வெப்பநிலையையும் இதே ஹெச்டபிள்யூமான் வழியாகத் தருவதால் அதுவும் இப்போது சுலபம்.

ஒரு சிப், இரண்டு எஜமானர்கள்

இந்தச் சிப்போடு பேசுவது இயங்குதளம் மட்டும் இல்லை. பயாஸ் தந்த ஏசிபிஐ நிரலும் பேசும். நுவோட்டான் சிப்பில் ரெஜிஸ்டர்கள் பல பேங்க்குகளாக இருக்கின்றன. முதலில் 4ஈ ரெஜிஸ்டரில் பேங்க் எண்ணை எழுதி, பிறகு வேண்டிய ரெஜிஸ்டரைத் தொட வேண்டும். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் எழுதும் நிலைமை இது. ஒருவர் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டுப் பேனாவை எடுப்பதற்குள் மற்றவர் வேறு பக்கத்துக்குப் புரட்டிவிட்டால், வரவு தவறான கணக்கில் ஏறிவிடும். வெப்பநிலை எல்லை என்று நினைத்து எழுதியது ஃபேன் கட்டுப்பாட்டில் போய் விழலாம். இது எப்போதோ ஒருமுறைதான் நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

2009இல் வந்த கெர்னல் 2.6.31 முதல், ஏசிபிஐ தனக்கென்று குறித்துவைத்த ஐஓ முகவரியை ஹெச்டபிள்யூமான் டிரைவர்கள் எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடு இயல்பாகவே வந்துவிட்டது. பலருடைய சென்சார்கள் ஒரே நாளில் காணாமல் போயின, கோபமும் வந்தது. ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ் என்ற தொடக்க அமைப்பை லேக்ஸ் என்று மாற்றினால் பழையபடி ஓடும் என்ற ஆலோசனை எங்கும் பரவியது. அதைப் போட்டால் எண்கள் வரும் என்பது உண்மை. மேலே சொன்ன பூசலை ஏற்றுக்கொண்டுதான் அந்த எண்களைப் பெறுகிறோம் என்பதும் உண்மை. வீட்டுக் கணினியில் தெரிந்தே செய்பவரை நான் தடுக்க மாட்டேன். சர்வரில் அப்படி வைக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

சரியான வழி, பயாஸ் நிரலையே கேட்டு வாங்குவது. ஏசஸ் போர்டுகள் பலவற்றில் டபிள்யூஎம்ஐ என்ற இடைமுகம் வழியாக ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் பயாஸிலேயே செயல்முறைகள் இருக்கின்றன. கெர்னல் 5.16 முதல் என்சிடி6775 டிரைவர் அத்தகைய போர்டுகளில் சிப்பை நேரடியாகத் தொடாமல் அந்த வழியாகவே பேசுகிறது. எந்தப் போர்டுகளில் இது பத்திரம் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் டிரைவருக்குள் இருக்கிறது. பட்டியலில் பல பெயர்கள் அந்தந்தப் போர்டை வைத்திருந்த சாதாரணப் பயனர்கள் சோதித்துச் சொல்லிச் சேர்ந்தவை.

புதிதாக வருகிறவர்களுக்கு

இந்தத் துறைக்கு ஆட்கள் தேவை. மதர்போர்டு நிறுவனங்கள் ஆவணம் தரத் தயங்குகின்றன; புதுச் சிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே வர விரும்புகிறவர் முதல் நாளே கெர்னல் நிரல் எழுத வேண்டியதில்லை. உங்கள் போர்டின் சரியான பெயர், பயாஸ் பதிப்பு, சென்சார்ஸ் கட்டளை காட்டும் எண்கள், பயாஸ் திரை காட்டும் எண்கள், எந்த ஃபேனைப் பிடுங்கியபோது எந்த எண் பூஜ்யமானது என்ற குறிப்பு. இவை ஐந்தும் சேர்ந்த ஒரு நல்ல அறிக்கை, டிரைவர் எழுதுகிறவருக்குப் பெரிய பரிசு.

நிரல் எழுதத் தொடங்கினால் படிப்பதை முதலில் முழுமையாகச் செய்யுங்கள். சுமை ஏற்றி, இறக்கி, அணைத்து, எழுப்பி, கணினியைத் தூங்கவைத்து மறுபடி எழுப்பிப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எழும்போது சிப்பின் அமைப்பு மாறியிருக்கலாம். அதைத் திருப்பி வைப்பதும் டிரைவரின் வேலைதான். எல்லா எண்களுக்கும் நீங்கள் பொறுப்பேற்க முடியும் என்ற நிலை வந்த பிறகு பிடபிள்யூஎம் ரெஜிஸ்டரைத் தொடுங்கள். தொடுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நொடியில் என் நிரல் செத்துவிட்டால் இந்த ஃபேன் என்ன செய்யும்? பதில் தெரியாதவரை எழுதாதீர்கள். பதில் தெரிந்துவிட்டால் தயங்காமல் எழுதுங்கள். உங்கள் போர்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் அது பயன்படும்.